பெயரா, உறவா

அத்தியாயம் பதினொன்று

காலை ஏழு மணிக்கு அந்த வீட்டில் மூன்று பேர் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் மனதிலும் ஒரே விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பேச்சு என்னவோ காப்பியைப் பற்றித்தான் இருந்தது.

"சர்க்கரை போதுமாடா?"

"போதும்க்கா."

"உங்களுக்கு?"

"எனக்கு எப்பவும் போதும்," என்றார் அக்காவின் கணவர்.



அக்கா காலைப் பத்திரிகை ஒன்றின் நீதிமன்ற நிருபர். மாடி அறையில் குடியிருக்கும் தம்பி, அதே ஊரின் மாலைப் பத்திரிகையில் செய்தி ஆசிரியர். யார் எவ்வளவு நீளமாக எழுதிக் கொடுத்தாலும் பாதியாக நறுக்கிவிடுவதால் அலுவலகத்தில் அவன் பெயர் கத்திரி. அக்காவின் கணவர் முன்னறையில் பல்செட் செய்கிறவர். தெருவுக்கே அவர் பல்செட்காரர்தான்.

ஏழு வருடங்களுக்கு முன் இதே மேஜையில் அக்கா வாய் தவறிச் சொன்ன ஒரு செய்தி, மறுநாள் தம்பியின் பத்திரிகையில் வந்துவிட்டது. அவன் அதை யாரிடமும் சொல்லவில்லை என்று சத்தியம் செய்தான். அது உண்மையும்கூட. வேறு வழியில் வந்த செய்தி அது. ஆனாலும் அக்காவை அவள் ஆசிரியர் ஒரு மாதம் சந்தேகத்தோடு பார்த்தார். அன்றைக்குப் பல்செட்காரர் ஒரு விதி போட்டார். அலுவலகப் பேச்சைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வீட்டில் செய்தித்தாள்கூட வாங்குவதில்லை.

இருவரும் அந்த விதியை ஒரு நாள்கூட மீறியதில்லை. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்தப் பெருமை நேற்றுவரைதான்.

நேற்றுக் காலை அக்காவின் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கும் ஒரு பயிற்சியாளர், சொன்னபடி நீந்தாத ஒன்பது வயதுச் சிறுமியின் தலையை மூச்சு முட்டும்வரை தண்ணீரில் அழுத்திப் பிடித்த வழக்கு. பயிற்சியாளரின் பெயர் முழுதாக இருந்தது. சிறுமியைப் பற்றி 'பயிற்சிக்கு வந்த சிறுமி' என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

நேற்று மாலை தம்பியின் பத்திரிகையில் அதே செய்தி வந்தது. அதில் பயிற்சியாளரின் பெயர் இல்லை. 'நீரில் அழுத்திய தாய்மாமன்' என்று தலைப்பு மட்டும் பெரிதாக இருந்தது.

சிறுமியின் பெயர், பள்ளி, தெரு எதுவும் வெளியே வரக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. இரண்டு பத்திரிகையும் அந்தச் சொல்லைக் காப்பாற்றியிருந்தன. ஆனால் அந்தப் பயிற்சியாளருக்குக் கூடப் பிறந்தவள் ஒரே ஒருத்தி. அவளுக்கு ஒரே மகள். காலையில் ஒன்றையும் மாலையில் இன்னொன்றையும் படித்தவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

இன்று பதினொரு மணிக்கு இரண்டு பத்திரிகையும் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். சிறுமியின் தாய் நேற்று இரவே அவசர மனுப் போட்டிருந்தாள். இந்த வழக்கைப் பற்றி இனி யாரும் எதுவுமே எழுதக் கூடாது என்று.

தம்பி கோப்பையைக் கழுவி வைத்தான்.

"வரேன்."

"குடை எடுத்துக்கோ," என்றாள் அக்கா.

வெளியே நல்ல வெயில். அவன் குடையை எடுத்துக்கொண்டு போனான்.

பல்செட்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஒரே கோர்ட்டுக்குத்தானே போறீங்க? ஒரே பஸ்ல போனா டிக்கெட் கிழிக்க மாட்டாங்களாமா?"

"நீங்க போட்ட விதிதான்."

"நான் சாப்பாட்டு மேஜைக்குத்தான் போட்டேன். ஊர் முழுக்கப் போடலை."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் கண்ணில் படவில்லை.

திரும்பத் திரும்ப அவள் மனம் திங்கட்கிழமைக்கே போனது.

நீதிமன்றத்தில் நிருபர்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அதன் சுவரில் ஒரு கரும்பலகை. சிறு பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு வந்தால், முதல் நாளே எல்லாப் பத்திரிகை நிருபர்களும் அந்த அறையில் கூடி ஒரு முடிவுக்கு வருவார்கள். பெயரா, உறவா? குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரைப் போடுவதென்றால், அவர் பிள்ளைக்கு என்ன உறவு என்பதை ஒருவரும் எழுத மாட்டார்கள். உறவை எழுதுவதென்றால் பெயரை எல்லாரும் விட்டுவிடுவார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஏற்பாடு. அவளுக்கு முன்னால் இருந்தவர்கள் தொடங்கி வைத்தது.

திங்கட்கிழமை கரும்பலகையில் 'பெயர்' என்று எழுதியது அவள்தான். அதற்காக அரை மணி நேரம் வாதாடியதும் அவள்தான். அந்தக் குளத்தில் நாற்பது பிள்ளைகள் நீச்சல் பழகுகிறார்கள். பெயர் வந்தால்தான் மற்ற பெற்றோர் தங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

அன்று அறையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. மாலைப் பத்திரிகையின் நிருபர் விடுப்பில் போயிருந்தார். அதை அவள் பார்த்தாள். பார்த்ததும், இந்தச் செய்தியைத் தம்பி தொலைபேசியில் யாரிடமாவது கேட்டுத்தான் எழுதுவான் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அன்று மாலை மேஜையில் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு சொல். 'பெயர்' என்று சொல்லியிருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும்.

அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள். அவ்வளவுதான் செய்தாள்.

கைப்பைக்குள் போன் அடித்தது. தெரியாத எண்.

"நேத்து பேப்பர்ல அந்த நீச்சல் வாத்தியார் செய்தி எழுதினது நீங்களா?" ஓர் ஆண் குரல். மெதுவாகப் பேசினார்.

"ஆமாங்க. சொல்லுங்க."

நீண்ட நேரம் அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை. இருபது வருட வேலையில் அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

"என் பையன் ரெண்டு வருஷம் முன்னாடி அங்க போய்ட்டிருந்தான். திடீர்னு போக மாட்டேன்னுட்டான். ஏன்னு கேட்டா சொல்லலை. தலைக்குத் தண்ணி ஊத்தினாலே அலறுவான். நான்... நான் அவனை அடிச்சிருக்கேங்க, குளிக்க அடம் பிடிக்கிறான்னு."

"ம்."

"நேத்து அந்தப் பேரைப் பாத்ததும் அவன்கிட்ட கேட்டேன். சொன்னான்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

"நீங்க போலீஸ்ல..."

"அதெல்லாம் வேண்டாம். என் பேரு வெளில வரக் கூடாது. யார்கிட்டயும் சொல்லக் கூடாது. வாக்குக் கொடுங்க."

"கொடுத்தேன்."

"நான் ஒருத்தன் மட்டும் போய் நின்னா, பையன் கதை விடறான்னு சொல்லிடுவாங்க. அந்த ஆளுக்கு இருக்கிற செல்வாக்கு உங்களுக்குத் தெரியும். தனியா வர மாட்டேன். உங்ககிட்ட சொல்லணும்போல இருந்துச்சு, சொன்னேன்."

போன் நின்றது. அவள் அந்த எண்ணைப் பெயர் போடாமல் சேமித்து வைத்தாள்.

*

நீதிமன்ற அறையில் மூன்றாவது வரிசையில் இடது ஓரம் அக்கா, வலது ஓரம் தம்பி. நடுவில் ஏழெட்டுப் பேர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

சிறுமியின் தாய் முன்வரிசையில் இருந்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. நேராக நிமிர்ந்த முதுகு.

அவளுடைய வக்கீல் எழுந்து சுருக்கமாகப் பேசினார். இன்று காலை சிறுமி பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனாள். எதிர்வீட்டுக்காரர் "இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு" என்று அன்பாகத்தான் கேட்டார். சிறுமி வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டாள்.

"அவ்வளவுதாங்க ஐயா. இனிமே ஒரு வரிகூட வரக் கூடாது."

பயிற்சியாளரின் வக்கீல் உடனே எழுந்தார். "குழந்தையோட நலனை முன்னிட்டு நாங்களும் இந்த மனுவை ஆதரிக்கிறோம், ஐயா."

அந்தக் குரலில் கனிவு சொட்டியது. பக்கத்தில் இருந்த பெண் நிருபர் அக்காவின் காதோடு சொன்னாள்: "ஆடு நனையுதேன்னு அழ வந்துட்டாரு பாருங்க, ஆள்."

காலைப் பத்திரிகையின் வக்கீல், உறவை எழுதியவர்கள்தான் தவறு செய்தவர்கள் என்றார். மாலைப் பத்திரிகையின் வக்கீல், பெயரை வெளியிட்டவர்கள்தான் தவறு செய்தவர்கள் என்றார். இருவருமே நன்றாகப் பேசினார்கள்.

நீதிபதி இரண்டு பத்திரிகைகளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க சொல்றதும் சரி. அவர் சொல்றதும் சரி. ரெண்டு சரியும் சேந்து ஒரு குழந்தையைக் காட்டிக் கொடுத்துட்டுது." பிறகு கேட்டார்: "கீழ நிருபர் ரூம்ல ஒரு கரும்பலகை இருக்கே. அதுல எழுதறது இந்த மாதிரி ஆகக் கூடாதுன்னுதானே?"

"எங்க நிருபர் அன்னிக்கு லீவுங்க ஐயா," என்றார் மாலைப் பத்திரிகையின் வக்கீல். "எங்களுக்கு விஷயம் வந்து சேரலை."

"சொல்றதுக்கு ஒருத்தரும் இல்லையா?"

 மின்விசிறி ஒரு தாளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

அக்கா எழுந்து நின்றாள். முன்னால் இருந்த அவள் பத்திரிகையின் வக்கீல் திரும்பி, உட்காருங்கள் என்று கையைக் காட்டினார். முந்தின நாள் இரவே அவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: நீங்கள் வாயைத் திறக்கவே கூடாது.

"நான் இருந்தேன், ஐயா."

"நீங்க?"

"கரும்பலகைல எழுதினதே நான்தான். மாலைப் பத்திரிகைக்காரங்க வரலைன்னும் எனக்குத் தெரியும். அன்னிக்கு சாயங்காலம் அவங்க செய்தி ஆசிரியருக்கு எதிர்ல உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். சொல்லலை."

"எதிர்லன்னா?"

"அவன் என் தம்பி, ஐயா. ஒரே வீடு."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு தானாக அடங்கியது.

வலது ஓரத்தில் நாற்காலி நகரும் சத்தம். தம்பி எழுந்திருந்தான்.

"அக்கா கோர்ட்ல இருந்தது எனக்குத் தெரியும் ஐயா. நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கலை. காலைல அவங்க பேப்பர்ல பேரைப் பார்த்தேன். கரும்பலகை முடிவு அதுதான்னு அப்பவே புரிஞ்சிருக்கணும். நாம பேர்கூடப் போடலையே, அவங்களைவிட நாமதான் ஜாக்கிரதையா இருக்கோம்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "தாய்மாமன்கிற வார்த்தையை எடுத்துட்டா செய்திக்கு உயிர் இல்லைன்னு நான்தான் தலைப்புல வெச்சேன்."

"ஏன் வீட்டுல பேசிக்கலை?"

"வீட்டுல ஆபீஸ் பேச்சு கிடையாதுங்க ஐயா."

நீதிபதி நீண்ட நேரம் எழுதினார். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க ரெண்டு பேர் மேல என்ன நடவடிக்கைங்கிறதைப் பின்னாடி பாத்துக்கலாம்," என்றார் தலை நிமிராமல். "இப்ப இந்த மனு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு முடிவு சொல்றேன். அதுவரைக்கும் யாரும் எதுவும் எழுதக் கூடாது. வெப்சைட்ல இருக்கிறதையும் எடுத்துடுங்க." பிறகு பத்திரிகை வக்கீல்கள் இருவரையும் பார்த்தார். "பத்திரிகைச் சுதந்திரம்னு நாளைக்கு ஒரு மணி நேரம் பேசிடாதீங்க. எனக்கும் அது தெரியும். இந்தச் செய்தி வந்ததால வேற ஒரு குழந்தைக்காவது நல்லது நடந்திருக்கான்னு காட்டுங்க. ஊகம் வேண்டாம். ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா இந்த அம்மா கேக்கறதைக் கொடுத்துடுவேன்."

அக்காவின் கை, பைக்குள் இருந்த போனின் மேல் இருந்தது. அந்த ஒருவர் அதற்குள் இருந்தார். எண்ணாக, பெயர் இல்லாமல். வாக்குக் கொடுத்திருந்தாள்.

*

தாழ்வாரத்தின் கடைசியில் ஒரு மர பெஞ்சு. அக்கா தனியாக இருக்கலாம் என்று அங்கே போய் உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் மறுமுனையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். திரும்பிப் பார்த்தாள். சிறுமியின் தாய்.

எழுந்து போய்விடுவதுதான் முறை. அவள் எழுந்திருக்கவில்லை.

இருவரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் வழக்குப் பட்டியல் ஒட்டியிருந்தது. பாதி பிய்ந்த தாள்.

"அவர் உங்க கூடப் பிறந்த தம்பியா?"

"ஆமாங்க."

"எத்தனை வயசு வித்தியாசம்?"

"ஆறு."

"எங்களுக்கு நாலு."

அக்கா காத்திருந்தாள். நிருபராகக் காத்திருக்கவில்லை. நோட்டுப் புத்தகம் பைக்குள்ளேயே இருந்தது.

"அவனுக்கு நீச்சல் கத்துக் கொடுத்ததே நான்தான்," என்றாள் அந்தத் தாய். "வயித்துக்கு அடியில கையைக் கொடுத்துப் பிடிச்சுக்குவேன். கையை எடுக்காதே அக்கான்னு கத்துவான். எடுத்துடுவேன். எடுத்தாத்தானே நீந்துவான்."

ஒரு குமாஸ்தா கோப்புகளைச் சுமந்துகொண்டு கடந்து போனார். அவர் போகும்வரை அவள் பேசவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் வீட்டுல பேசிக்கவே மாட்டீங்களா?"

"மத்ததெல்லாம் பேசுவோம்."

"நாங்களும் அப்படித்தான். மத்ததெல்லாம் பேசுவோம்." அவள் கைக்குட்டையை நான்காக மடித்தாள். "பசங்ககிட்ட அவன் கை ஓங்குவான்னு எனக்குத் தெரியும். இவ்வளவுன்னு தெரியாது. கொஞ்சம் தெரியும். கேட்டா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான், எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன். என் பொண்ணை நானே கொண்டுபோய் விட்டேன்."

 உங்கள் மகள் மட்டும் இல்லை, இன்னொரு பையன் இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். சொல்ல முடியாது. சொன்னாலும், அது இவளுடைய மனுவுக்கு எதிரான ஒரு வாதமாகத்தான் இவள் காதில் விழும். அது உண்மையும்கூட.

"நான் செஞ்சது தப்புங்க," என்றாள் அக்கா.

"கோர்ட்ல சொன்னீங்களே. கேட்டேன்." அந்தத் தாய் எழுந்தாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். "அவன் உள்ள போகட்டும். அதைத் தடுக்கலை. என் பொண்ணைப் பத்தி மட்டும் இனி ஒருத்தரும் ஒரு வார்த்தை எழுதக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அவள் போன பிறகும் அக்கா அங்கேயே இருந்தாள். பெஞ்சின் மறுமுனை வெறுமையாக இருந்தது. ஆனால் அந்த முனையில் இன்னும் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

*

மாலை ஐந்தரைக்கு வீடு திரும்பினாள். முன்னறையில் பல்செட்காரர் ஒரு கீழ்த்தாடையை விளக்குக்கு நேரே பிடித்து உரசிக்கொண்டிருந்தார். தம்பி ஏற்கெனவே வந்திருந்தான். மாடிப்படியின் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தான், ஷூவைக்கூடக் கழற்றாமல்.

"கோர்ட்டு குமாஸ்தா ஒருத்தர் மேல்பல்லுக்கு அளவு கொடுக்க வந்திருந்தாரு," என்றார் பல்செட்காரர். "வாய் நிறைய அச்சு மாவை வெச்சுக்கிட்டே முழுக்கதையும் சொல்லிட்டாரு. பாதி புரியலை. அக்காவும் தம்பியும் எழுந்து நின்னாங்கங்கிறது புரிஞ்சுது."

தம்பி ஷூவின் கயிற்றை அவிழ்த்தான்.

"அத்தனை பேர் முன்னாடி நின்னுக்கிட்டுப் பேசத் தெரியுது. இங்க உட்கார்ந்து பேச என்ன கேடு? நான் ஊர்ல வாய் இல்லாதவங்களுக்கெல்லாம் வாய் செஞ்சு கொடுக்கறேன். என் வீட்டுல ரெண்டு பேர் இருக்கிற வாயைப் பூட்டி வெச்சிருக்கீங்க."

"நீங்கதானே மாமா விதி போட்டீங்க?" என்றான் தம்பி.

"தப்பா போட்டுட்டேன்டா மாப்ளே. எடுத்துட்டேன். போங்க, உள்ள போய்ப் பேசுங்க. எனக்கு இந்த உரசற சத்தத்துல ஒண்ணும் கேக்காது."

அவர் யந்திரத்தின் விசையைத் தட்டினார். கிர்ரென்ற சத்தம் எழுந்தது.

மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை உட்கார்ந்த அதே இடங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஏழு வருடப் பழக்கம்.

"உன் ஆசிரியர் என்ன சொன்னாரு?" என்றாள் அக்கா.

"நாளைக்குச் சொல்றேன்னாரு. உன் ஆசிரியர்?"

"வக்கீல் சொன்னதைக் கேக்கலைன்னு கோபம். வேலை இருக்கா இல்லையான்னு அவரும் நாளைக்குத்தான் சொல்லுவாரு."

"நாளைக்கு ரொம்ப வேலை இருக்கும்போல எல்லாருக்கும்."

அவள் கொஞ்சம் சிரித்தாள். பிறகு மேஜையின் கோடு ஒன்றை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தர் போன் பண்ணினாரு. காலைல. பேர் சொல்ல மாட்டேன்."

தம்பி நிமிர்ந்தான். அவன் முகத்தில் ஏதோ மாறியது. முன்னறைச் சத்தம் ஏறி இறங்கியது. 

"பேர் வேண்டாம்க்கா. பையனா, பொண்ணா? அதை மட்டும் சொல்லு."

"பையன்."

"எங்க ஆபீஸுக்கு நேத்து சாயங்காலம் ஒரு அம்மா வந்தாங்க. ரெண்டு பேப்பரையும் கையில வெச்சுக்கிட்டு. தாய்மாமனே இப்படிச் செய்யும்போது, அதே வாத்தியாரைப் பத்தி என் பொண்ணு சொன்னது எப்படிப் பொய்யா இருக்கும்னாங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க, தனியா நிக்க என்னால முடியாதுன்னாங்க."

அக்காவின் விரல் நின்றது.

"அப்ப ரெண்டு பேர்."

"ரெண்டு பேர். ஒருத்தருக்கு ஒருத்தர் இருக்கிறது தெரியாது."

"உன்கிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு."

"சேத்து வெச்சா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

"நேத்து சேத்து வெச்சதே போதும்டா," என்றாள் அக்கா. ஆனால் எழுந்திருக்கவில்லை.

அவர்கள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார்கள். ஒரு செய்தியைச் சேர்ந்து யோசித்தார்கள். அந்த இருவரும் ஒருவரை ஒருவர் யாரென்று அறியாமல், அரசு வக்கீலிடம் மட்டும் வந்து சொன்னால் போதும். நீதிபதி கேட்ட ஒருவர் கிடைத்துவிடுவார், இரண்டு பேராகவே. அதன் பிறகு எதை எழுதுவது?

"அந்தச் சின்னப் பொண்ணைப் பத்தி ஒரு வரி கிடையாது," என்றாள் அக்கா. "நான் அந்த அம்மாவைப் பாத்தேன். பெஞ்சுல ஒண்ணா உட்கார்ந்திருந்தோம். மத்த ரெண்டு வழக்கை மட்டும், வாத்தியார் பேரோட எழுதலாமான்னு கோர்ட்டைக் கேக்கணும். முதல் வழக்கு பேப்பர்ல இல்லவே இல்லை."

"அப்ப உறவு?"

"அது போயிடும். உன் தலைப்பு போயிடும்."

அவன் யோசித்தான். செய்தியிலேயே கனமான பகுதி அதுதான். கத்திரி என்று பெயர் வாங்கியவனுக்கு எதை வெட்டினால் எங்கே ரத்தம் வரும் என்று தெரியும்.

"போகட்டும்," என்றான்.

"அப்பவும் அந்த அம்மாவுக்கு வலிக்கும். பேர் திரும்பத் திரும்ப வரும். அவங்க கேட்டது முழுசாக் கிடைக்காது."

"தெரியும்."

"நாம இப்ப போன் எடுக்கறதே அவங்களுக்கு எதிராத்தான்."

  முன்வரிசையில் நிமிர்ந்திருந்த அந்த முதுகை அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு, குளியலறையில் அடி வாங்கிய ஒரு பையனை நினைத்தாள். குளத்தில் இந்த மாதமும் இறங்கப் போகும் மற்ற பிள்ளைகளை நினைத்தாள். ஒன்று மற்றொன்றை இல்லாமல் ஆக்கவில்லை. எல்லாமே அப்படியே இருந்தன.

"அவங்கவங்க ஆளை அவங்கவங்க கேப்போம்," என்றாள். "வற்புறுத்தக் கூடாது. இன்னொருத்தர் இருக்காங்கன்னு மட்டும் சொல்லலாம். அதுக்கு மேல ஒரு எழுத்தும் கிடையாது."

தம்பி போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். அக்கா மேஜையிலேயே இருந்து அந்தப் பெயரில்லாத எண்ணை அழுத்தினாள்.

நான்காவது மணியில் எடுத்தார்.

"நான்தாங்க. காலைல பேசினோமே."

"சொல்லுங்க." பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவர் குழாயை மூடியிருக்க வேண்டும். அது நின்றது.

"நீங்க யாருன்னு யார்கிட்டயும் சொல்லலை. பேரைச் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். ஒரு விஷயம் உங்களுக்குத் தெரியணும். நீங்க மட்டும் இல்லைங்க. இன்னொரு வீட்டுலயும் இது நடந்திருக்கு."



"யாரு?"

"அதை உங்ககிட்ட சொல்ல முடியாது. நீங்க யாருன்னு அவங்ககிட்டயும் சொல்ல மாட்டோம்."

"நிஜமாத்தானா? என்னை வர வைக்கறதுக்காகச் சொல்லலையே?"

"நிஜந்தாங்க."

 அவள் இந்த முறையும் அவசரப்படுத்தவில்லை.

"கோர்ட்ல நாளைக்குப் பத்து மணின்னு ஊர்ல பேசிக்கறாங்க," என்றார் கடைசியில். "அவங்க வராங்களா? அவங்க வந்தா நான் வரேன். பையனோட அம்மாகிட்டயும் பேசிட்டேன். வந்தா வரோம்."

அக்கா தலையைத் திருப்பி மாடிப்படியைப் பார்த்தாள்.

தம்பி அதே மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தான். போன் காதில் இல்லை, கையில் இருந்தது. அவளைப் பார்த்து இல்லையென்று மெல்லத் தலையசைத்தான். அந்த அம்மா எடுக்கவில்லை. மறுபடி எண்ணை அழுத்தி, போனை அவள் பக்கமாகத் தூக்கிக் காட்டினான். அது அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு வார்த்தை போதும். வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை. நாளைக்கு அது உண்மையாகவும் ஆகிவிடலாம். அவர் வந்துவிட்டால் நீதிபதி கேட்ட ஒருவர் கிடைத்துவிடுவார்.

"ஹலோ? வராங்களாம்மா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"தெரியலைங்க," என்றாள். "இன்னும் அவங்ககிட்ட பேச முடியலை. வருவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

முன்னறையில் உரசும் சத்தம் நின்றுபோயிருந்தது. வீட்டில் மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள்.

அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் போனையும் வைக்கவில்லை.